குரல் உள்ளே, ஆள் வெளியே: காரைக்குடிக் கொட்டகை முதல் கைபேசி வரை

1

சினிமா, ரேடியோ, பத்திரிகை, டெலிவிஷன், பாட்டு, கூத்து எல்லாம் இன்றைக்கு ஒரு கைபேசிக்குள் வந்து குடியேறிவிட்டன. இதற்கு 'ஊடகங்களின் ஒருங்கிணைவு' என்று கருத்தரங்குகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். இனிமேல் யாரும் யாரையும் தடுக்க முடியாது, கையில் ஒரு போன் இருந்தால் சேரிப் பிள்ளையும் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டிவிடலாம், சாதியெல்லாம் இந்த மின்சார வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம் தோழர்களே சிலர் பேசுகிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஊடகங்கள் ஒன்றோடொன்று கலப்பது இந்த இருபது வருஷத்துச் சமாச்சாரம் இல்லை. எங்கள் சிவகங்கைச் சீமையில், காரைக்குடியில், அது 1940களிலேயே நடந்து முடிந்துவிட்டது. கிராமபோன் தட்டு, நாடகம், சங்கீதக் கச்சேரி, பாரதி பாட்டு, சினிமா என எல்லாமே ஒரு கொட்டகைக்குள், ஒரு முதலாளியின் கையில் கலந்தன. அந்தக் கலப்பில் நம் சனங்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்று பார்த்தால், இன்றைய கைபேசிக் கலப்பில் நமக்கு என்ன இடம் காத்திருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

2

1931ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ் சினிமா வாய் திறந்து பேசிய நாள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் கொண்டாடும் நாள் அது. டி.பி. ராஜலட்சுமி பாடினார், தமிழ்நாடு கேட்டது.

அதே 1931 ஜூன் மாதம், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்குப் பதினொரு தடைகள் விதித்தார்கள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் தனியாகப் பிரிந்தது. அன்றைக்கு காரைக்குடியும் தேவகோட்டையும் அந்த ராமநாதபுரம் ஜில்லாவுக்குள்தான் இருந்தன. இதற்கு முன்னோட்டமாக 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள் வந்திருந்தன. ஆதிதிராவிடர்கள் பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இது நாம் இட்டுக்கட்டிய கதை இல்லை. 1931 குடிமதிப்புக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார்.

பதினொரு தடைகளில் ஒன்று நம் விஷயத்துக்கு முக்கியமானது. ஆதிதிராவிடர்கள் தங்கள் கல்யாணத்திலும் மற்றச் சடங்குகளிலும் வாத்திய சங்கீதம் வைக்கக் கூடாது. குதிரை ஊர்வலம் கூடாது. வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, தமிழ் சினிமா பாட ஆரம்பித்த அதே வருஷம், அதற்கு நாலு மாதம் முந்தி, எங்கள் ஜில்லாவில் ஒரு பெருங்கூட்டம் சனத்தின் கல்யாண வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய சினிமா வரலாறு எதையும் நான் இதுவரை படித்ததில்லை. சினிமா வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது சினிமாச் செய்தியாகத் தோன்றுவதில்லை. சத்தம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சினிமாக் கேள்வி இல்லையென்றால் வேறு எதுதான் சினிமாக் கேள்வி?

3

காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று ஒரு கடை. பலதரப்பட்ட சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்பார்கள். அந்தக் கடையிலிருந்து கிளம்பியவர்தான் ஏ.வி. மெய்யப்பன் (1907–1979). சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஜெர்மன் கம்பெனியான ஓடியன் தட்டுகளை விற்றார். அன்றைக்கு நாடகங்களே தட்டுத் தட்டாகப் பதிவாகி 'செட்' என்று விற்பனையாகும். தட்டுக்குப் பாடியவர்களை வைத்தே படம் எடுத்தால் என்ன என்ற வியாபாரக் கணக்கு தன்னால் வந்தது. 1935இல் 'அல்லி அர்ஜுனா'. அது தோற்றது. 1938இல் 'நந்தகுமார்', 1941இல் 'சபாபதி', 1945இல் 'ஸ்ரீவள்ளி' என்று வளர்ந்து, யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னையில் ஸ்டுடியோ போட வசதி அமையாததால் 1946இல் சொந்த ஊருக்கே வந்தார். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகை ஸ்டுடியோ ஆனது.

அங்கே எடுத்த படம்தான் 'நாம் இருவர்'. 1947 ஜனவரியில் வந்தது. ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம் அதற்குக் கதை. பாரதியின் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். பாரதி பாட்டுகளை ஒலிபரப்பவும் தட்டில் பதியவுமான உரிமையை அதற்கு முன்பே மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். நாடகம், கச்சேரி, பரதம், கவிதை, கிராமபோன், சினிமா எல்லாம் ஒரு கொட்டகைக்குள் வந்தன. இதைவிடப் பெரிய ஒருங்கிணைவை இன்றைக்கு எந்தக் கம்பெனி செய்துவிட்டது? 1948இல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. 1949இல் பாரதி பாட்டுகளின் உரிமையை மெய்யப்பன் காசு வாங்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மெய்யப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர் உழைத்த மனிதர். நான் கேட்பது வேறு. செட்டிநாட்டு முதல் எங்கிருந்து வந்தது? பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டிக்கடை வைத்துச் சேர்ந்தது. பொருளாதார மந்தமும் உலக யுத்தமும் அங்கிருந்து துரத்தியபோது அந்தப் பணம் திரும்பி பேங்காக, மில்லாக, காலேஜாக, ஸ்டுடியோவாக மாறியது. அதே கடலைத் தாண்டி, அதே நாடுகளுக்கு, கங்காணி பிடித்துக்கொண்டு போன கூலிகளாக நம் சனமும் போனது. தேயிலைத் தூரிலும் ரப்பர் மரத்தடியிலும் கிடந்தது. முதல் திரும்பி வந்து ஸ்டுடியோ கட்டியது. கூலி திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. இரண்டு பயணமும் ஒரே வரலாறுதான். எழுதும்போது மட்டும் ஒன்று சாதனையாகவும் இன்னொன்று புள்ளிவிவரமாகவும் பிரிந்துவிடுகிறது.

4

அந்தக் காலத்துக் கண்டுபிடிப்புகளில் நமக்கு முக்கியமானது கேமராவோ விளக்கோ இல்லை. குரலை உடம்பிலிருந்து பிரித்து எடுக்கும் வித்தைதான்.

தொடக்கத்தில் நடிக்கிறவரே பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும். 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க வேறொருவர் பின்னாலிருந்து பாடும் முறை வந்தது. தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள். 'ஸ்ரீவள்ளி'யில் ருக்மணி பாடியதை எடுத்துவிட்டு பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா' 1944இல் தமிழ்க்குரல் ஏற்றிக்கொண்டு வந்தது. வாயசைப்பது ஒருவர், பேசுவது வேறொருவர். இது தொழில்நுட்பம். தொழில்நுட்பத்துக்குத் தனியாக ஒரு சாதி கிடையாது என்பார்கள். ஆனால் அது வந்து விழுகிற மண்ணுக்குச் சாதி இருக்கிறதே. குரலை வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது இந்த மண்ணுக்குப் புதுசா?

சாவு வீட்டுக்குத் தப்புச் சத்தம் வேண்டும், தப்படிக்கிறவன் வாசலுக்கு அங்கிட்டே நிற்க வேண்டும். கோயில் கொடைக்குக் கொட்டு வேண்டும், கொட்டடிக்கிறவன் கோயிலுக்குள் வரக் கூடாது. அறுப்புக்குக் குலவையும் பாட்டும் வேண்டும், பாடுகிறவளுக்குத் தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். பின்னணிப் பாட்டு என்கிற வித்தையை நம் ஊர்கள் ஆயிரம் வருஷமாகப் பழகி வைத்திருந்தன. மெஷின்தான் தாமதமாக வந்தது.

நந்தன் கதை இதற்கு நல்ல சாட்சி. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரும் செய்தி. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். புலையன் என்று சொல்லப்பட்ட ஒருவனின் ஏக்கம் தமிழ்நாடு முழுக்கத் தட்டில் பாடியது, வீட்டுத் திண்ணைகளில் பாடியது. அந்தப் பாட்டைக் கேட்டு உருகியவர்கள், நந்தனின் சந்ததி தங்கள் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கச் சம்மதித்தார்களா? கதையிலேயே நந்தன் தீயில் இறங்கி உடம்பை விட்ட பிறகுதானே உள்ளே போகிறான்! உடம்பை எரித்துவிட்டுக் குரலை மட்டும் அனுமதித்த அந்தப் பழைய புராணத்துக்குச் சினிமா பொருத்தமான கருவியாக அமைந்துவிட்டது.

5

இதோடு நிறுத்தினால் அநியாயமாகிவிடும். ஏனென்றால் அதே வித்தை நம் பக்கமும் திரும்பி வேலை செய்திருக்கிறது.

எங்கள் அப்பத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது 1950களின் தொடக்கத்தில். தடைகள் போட்டு இருபது வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் மேளக்காரர் சேரிக் கல்யாணத்துக்கு வரமாட்டார். வந்தால் ஊரில் அவருக்கு மரியாதை இராது. அப்பத்தாவின் தாய்மாமன் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தேவகோட்டைப் பக்கம் போய், பேட்டரியில் ஓடும் ஒரு பாட்டுச் செட்டை வாடகைக்குப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாதஸ்வரத் தட்டு. தாலி கட்டும்போது கெட்டிமேளம் தட்டிலிருந்து கேட்டது.

அப்பத்தா இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

"ஊர்ல இருந்து நாலு பேரு வந்துட்டாக. யாரைக் கேட்டுடா மேளம் வச்சீகன்னு கேட்டாக. எங்க மாமன் சொல்லுச்சு, மேளகாரன் யாரும் வரலீங்களே, நல்லாப் பாத்துக்கங்கன்னு. வந்தவுக பந்தலுக்குள்ள எட்டிப் பாத்தாக. ஒருத்தனையும் காணோம். பெட்டிதான் பாடுது. பெட்டிய என்னான்னு அடிக்கிறது?"

கடைசியில் ஒரு சமரசம். குழாயை ஊரைப் பார்த்துக் கட்டக் கூடாது, கண்மாயைப் பார்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டினார்கள். அப்பத்தா சிரிக்கும். "கண்மாய்த் தண்ணியில பட்டு அது ரெண்டு மடங்கால்ல கேட்டுச்சு! சத்தத்துக்குத் தெரியுமா இது ஊரு இது சேரின்னு?"

பிளேட்டுக்குச் சாதி தெரியவில்லை. வாசித்த உடம்பு அங்கே இல்லாததால் தடுக்க ஆள் இல்லை. எந்தப் பிரிப்பு நம்மை வெளியே நிறுத்தியதோ, அதே பிரிப்பு அந்த ஒரு நாள் எங்கள் பந்தலுக்குள் மங்கள வாத்தியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. இதைத்தான் மறக்கக் கூடாது. நம் சனங்கள் ஒவ்வொரு புதுக் கருவியையும் முதலில் இப்படித்தான் கலகத்துக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை தொடங்கியதும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும் அந்த வழிதான். அச்சு வந்தவுடன் நம்மவர் அச்சைப் பிடித்தார்கள். சினிமாவுக்கு மட்டும் அது முடியவில்லை. அச்சுக்கு வேண்டிய முதல் வேறு, ஸ்டுடியோவுக்கு வேண்டிய முதல் வேறு.

டூரிங் டாக்கீஸ் வந்தது. சினிமாக் கொட்டகைதான் தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் என்ற கருத்தை கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். முக்கியமான கருத்து. கோயிலுக்குள் விடாதவன் கொட்டகைக்குள் விட்டான். காசு கொடுத்தவனுக்கு டிக்கெட். ஆனால் கூரை ஒன்று என்றாலும் தரை, பெஞ்சு, சேர் என்று உட்காரும் இடம் மூன்று. நம்மிடம் இருந்த காசு தரைக்குத்தான் காணும். மணலைக் குமித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னாலிருந்து திட்டு வரும். ஆனாலும் விளக்கை அணைத்த பிறகு இரண்டரை மணி நேரம் யார் மேலே, யார் கீழே என்று தெரியாது. அந்த இருட்டு நம் சனத்துக்குப் பெரிய விடுதலையாகத்தான் இருந்தது.

பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. அது பெரும்பாலும் ஊருக்குள் இருந்தது. எங்கள் ஊரிலும் நாங்கள் தள்ளி நின்றுதான் கேட்டோம். 1980களில் டெக்கு வந்தது. சேரிக்கே வாடகைக்குக் கொண்டுவந்து, திரையைக் கட்டாமல், ஒரு டிவிப் பெட்டியைத் திண்ணையில் வைத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள். 2006க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி குடிசைக்குள் வந்தது. அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, விரட்டு வாங்கிய கதை அதோடு முடிந்தது. இலவசம் இலவசம் என்று நக்கல் அடித்தவர்கள் யாரும் அப்படி வாசலில் நின்றவர்கள் இல்லை.

ஆனால் கருவி பெருகப் பெருக ஆதிக்கமும் கருவியை எடுத்துக்கொண்டது. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் ஒரு பாட்டை எந்தத் தெரு முனையில், எந்த நேரத்தில், எவ்வளவு சத்தமாக வைப்பது என்பது தென்மாவட்டங்களில் சாதிச் சண்டையின் ஆயுதமாகவே ஆனது. 1995இல் கொடியன்குளம், 1997இல் மேலவளவு என்று ரத்தம் சிந்திய வருஷங்கள் அவை. எங்கள் மாவட்டத்திலேயே கண்டதேவித் தேரில் வடம் பிடிக்கும் உரிமைக்காக 1998இலிருந்து நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 1931இல் கூடிய 'நாடு' என்ற அமைப்பு அப்போதும் உயிரோடுதான் இருந்தது. ஒரு காலத்தில் நம் குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பச் சொன்னவர்கள், இப்போது தங்கள் குழாயைச் சேரியைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார்கள். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் ஊடக அரசியல் முழுவதும் இருக்கிறது.

6

இப்போது கைபேசிக்கு வருவோம்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு யூடியூபில் வந்தது. எழுதியவர் அறிவு, தீயோடு சேர்ந்து பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிவந்த, நிலமில்லாத தன் பாட்டி வள்ளியம்மாவின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டை எடுத்ததாக அறிவு சொன்னார். நான் முன்னால் சொன்ன அந்தக் கப்பல் கூலியின் பேரன் குரல் கோடிக்கணக்கான போன்களில் கேட்டது. தியேட்டர் வேண்டாம், ரேடியோ நிலையம் வேண்டாம், தட்டுக் கம்பெனி வேண்டாம். ஒருங்கிணைவின் வெற்றி என்றால் இதுதான் என்று நாமும் குதித்தோம்.

அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது. அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். தன் உழைப்பு மறைக்கப்படுவதாக அவர் எழுதினார். அறிவின் பங்கை நாங்கள் எங்கேயும் குறைத்துச் சொன்னதில்லை என்று மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்குமே ஒரு பைசாகூட வரவில்லை என்றார். கலைஞர்களுக்குள் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூன்று வருஷத்துச் செய்திகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: பாட்டு எல்லா இடத்துக்கும் போகிறது, பாடியவன் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை, பணம் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வேறெங்கோ போகிறது. 1938இல் தொடங்கிய பிரிப்பு இன்னும் சுத்தமாக, இன்னும் வேகமாக நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 நவம்பர் 2ஆம் தேதி 'ஜெய் பீம்' தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. 1993இல் கடலூர்ப் பக்கம் காவல் நிலையத்தில் நடந்த ராசாக்கண்ணு கொலையை அடியாகக் கொண்ட படம். தியேட்டர்காரர் தயவு இல்லாமல் ஒரே ராத்திரியில் உலகம் முழுக்கப் போனது. சரி. சில நாட்களில், ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டருக்கு ஒரு சாதிச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. உடனே அந்தக் காலண்டர் மாறி லட்சுமி படம் வந்துவிட்டது. காலண்டர் இருந்தது சரியா தவறா என்பது தனி விவாதம். பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பிய பிலிமை இப்படி மாற்ற முடியுமா? இன்றைக்கு நாம் பார்த்த படம் நாளைக்கு அதே படமாக இருக்குமென்று உத்தரவாதம் கிடையாது. 2024 ஜனவரியில் 'அன்னபூரணி' படம் நெட்பிளிக்ஸிலிருந்து முழுசாகவே காணாமல் போனது. பட்டன் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் நினைவும் இருக்கிறது.

ஆளை வெளியே நிறுத்துவதும் நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் பெரிய தியேட்டர் ஒன்றின் வாசலில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. பக்கத்தில் நின்றவர் போனில் எடுத்த படம் பரவியதால்தான் கதவு திறந்தது. கதவை மூடியது பழைய சாதி, திறக்க வைத்தது புதிய கருவி. கைபேசியின் இரண்டு முகத்தையும் அந்த ஒரு வாசலில் பார்த்துவிடலாம்.

எங்கள் பக்கத்துக்கே வருகிறேன். செட்டிநாட்டு அரண்மனை வீடுகளில் இன்றைக்கும் சூட்டிங் நடக்கிறது. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கேமராவுக்கு அழகு. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்துக்குத் தப்படிக்க ஆள் வேண்டுமென்று எங்கள் பெரியப்பாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிப் போனார்கள். முற்றத்தில் வைத்து அடிக்கச் சொல்லி, சத்தத்தைத் தனியாகவும் பதிந்துகொண்டார்கள். ஒரு நாள் கூலி கிடைத்தது. படம் வந்தபோது தப்புச் சத்தம் இருந்தது, தெளிவாக, அற்புதமாக இருந்தது. ஆட்கள் இல்லை. எழுத்துப் போடும்போது பெயரும் இல்லை. பெரியப்பா கோபப்படவில்லை. "நம்ம அடிதான்னு நமக்குத் தெரியும்ல" என்றார். எனக்குத்தான் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நமக்குத் தெரிந்தால் போதுமா?

7

போதாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்றைக்கு இல்லை. பேசிய முதல் படத்தையே காப்பாற்றாத சமூகம் இது. நம் ஒப்பாரியையும் கொட்டையும் யார் காப்பாற்றப் போகிறார்கள்? போனில் எடுத்து ஏற்றிவிட்டால் அது பத்திரம் என்று நினைக்கிறோம். ஏற்றிய இடம் இன்னொருவனுடைய வீடு. அவன் விருப்பப்பட்டால் நாம் வாசலில்.

ஆகவே சில காரியங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. நம் பாட்டிகள், கொட்டுக்காரர்கள், கூத்துக்காரர்கள் பாடுவதைப் பதியும்போது முதலில் அவர்கள் பெயரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிய வேண்டும். அந்தப் பதிவின் ஒரு பிரதியாவது நம் சங்கத்தில், நம் படிப்பகத்தில், நம் கையில் தனியாக இருக்க வேண்டும். யாராவது சத்தத்தைக் கேட்டு வந்தால், பெயர் போடுவீர்களா, உரிமையில் பங்கு என்ன என்று எழுத்தில் கேட்க நம் பிள்ளைகள் பழக வேண்டும். பாரதி பாட்டுக்கு ஒரு உரிமைப் பத்திரம் இருந்ததால்தானே அதை வாங்கவும் முடிந்தது, பிறகு நாட்டுக்குக் கொடுக்கவும் முடிந்தது? நம் பாட்டுக்குப் பத்திரமே இல்லாததால் அதை வாங்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை; அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீலம் மாதிரி படத் தயாரிப்பு, பதிப்பகம், மாத இதழ், யூடியூப் எல்லாவற்றையும் ஒரு கூரைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் இன்றைக்கு நடப்பது நம்பிக்கை தருகிறது. ரெட்டமலை சீனிவாசனும் அயோத்திதாசரும் அச்சில் செய்ததன் தொடர்ச்சி அது. அது சென்னையோடு நிற்காமல் தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் மானாமதுரைக்கும் வர வேண்டும்.

அப்பத்தா இப்போது இல்லை. அது பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் எங்கள் யாரிடமும் பதிவாக இல்லை. வீட்டில் மூன்று போன் இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு வந்த பாட்டுப் பெட்டியின் கதை மட்டும் என் ஞாபகத்தில் இருந்தது. அதை எழுதிவிட்டேன். பெரியப்பா இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அடியைச் சொல்லி, முழுசாக அடிக்கச் சொல்லிப் பதியப் போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார்.